நாளிதழ் விட்டதும் புனைவு தொட்டதும்

படையோடு செல்லும் இளம் செய்தியாளனை நாயகனாக்கும் போர்ப் புனைவுகளைச் சாகசக் கதைகளாகவோ மாறுவேடமிட்ட தன்வரலாறாகவோ படிப்பதே வழக்கம். இரண்டு வாசிப்புகளும் அவற்றின் மையத்தைத் தவறவிடுகின்றன. இந்தச் செய்தியாளன் ராணுவத்தின் சோற்றைத் தின்று, அதன் பத்திரிகைக்கே எழுதுகிறவன். அவன் கண்டதில் ஒரு பகுதிதான் அச்சேறுகிறது. மீதியை, அதில் தன் பங்கையும் சேர்த்து, மறுபடி எழுதுவதற்கான இடமே இந்தப் புனைவு.

இதற்கு வலுவான சான்று ஐசக் பாபேல். 1920-இல் போலந்துடன் நடந்த போரில், லூத்தோவ் என்ற புனைபெயரில் சோவியத் தளபதி புத்யோன்னியின் குதிரைப்படைப் பத்திரிகைக்கு எழுதினார். களத்தில் இறந்த ட்ரூனோவ் என்ற தளபதியை வீரத்தின் முன்மாதிரியாகப் போற்றி அதில் ஓர் அஞ்சலி வெளிவந்தது. 1926-இல் நூலான ‘செங்குதிரைப்படை’ கதைகளில் அதே ட்ரூனோவ் கைதிகளைக் கொல்கிறான். பத்துக் கைதிகள் எட்டாகிவிட்டார்கள். கரிய விரலால் காகிதத்தைக் குத்தி, கைதிகளின் பட்டியலில் ஒரு பெயரை அடித்துவிடச் சொல்கிறான். கதைசொல்லி லூத்தோவ் நடுங்கியபடி மறுக்கிறான். ட்ரூனோவ் கடைசியில் வீரனாகவே சாகிறான் என்பதையும் கதை மறைக்கவில்லை. அஞ்சலிக்கு இடமிருந்த பத்திரிகையில் அந்தப் பட்டியலுக்கு இடமில்லை.

சோவியத் போர்ச் செய்தியாளர் கான்ஸ்தாந்தின் சீமனவ் 1941 ஜூலையில் மொகிலேவ் அருகே, ஒரே நாளில் 39 ஜெர்மன் டாங்கிகளை வீழ்த்திய படைப்பிரிவைக் கண்டு எழுதினார். 1959-இல் வந்த அவரது ‘உயிரோடிருப்போரும் இறந்தோரும்’ நாவல் அந்த வெற்றிக்குப் பின் வந்த முற்றுகையையும் சிதறலையும் சொல்கிறது. அதன் செய்தியாளன் அடையாளச் சான்றுகளை இழந்து, சொந்த நாட்டாரின் சந்தேகத்துக்கே ஆளாகிறான். வியட்நாமில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் செய்தியாளராக இருந்த கஸ்டவ் ஹாஸ்ஃபோர்டின் 1979 நாவலில், செய்தியாளனே தன் நண்பனைச் சுட நேர்கிறது.

புனைவு வரலாற்றைத் திரிக்கிறது என்ற மறுப்பு பழையது. பாபேல் படையை அவதூறு செய்கிறார் என்று 1924-இலேயே புத்யோன்னி சீறினார். பாபேல் பெயர்களை மாற்றினார், நிகழ்வுகளைச் சேர்த்துக் கோத்தார் என்பது உண்மைதான். ஆனால் களத்தில் அவர் எழுதிய நாட்குறிப்பு பிழைத்திருக்கிறது; யூதச் சிற்றூர்கள் இரு தரப்பாலும் சூறையாடப்பட்டதை அது பதிவு செய்கிறது. மேலும், தன் புனைபெயரையே கதைசொல்லிக்குச் சூட்டியவர் பழியிலிருந்து தன்னை விலக்கிக்கொள்ளவில்லை.

செய்தியே உண்மையைச் சொன்னதில்லையா என்றும் கேட்கலாம். சொன்னது. சோவியத் போர்ச் செய்தியாளர் வசீலி கிராஸ்மன் 1944-இல் திரெப்ளிங்கா வதைமுகாம் பற்றி எழுதியது நியூரம்பர்க் விசாரணைக்கே பயன்பட்டது. ஆனால் அது எதிரியின் குற்றம். தன் நாட்டின் அடக்குமுறையையும் பேசிய அவரது ‘வாழ்வும் விதியும்’ நாவலின் கைப்பிரதியை 1961-இல் கேஜிபி அள்ளிச் சென்றது. தட்டச்சு நாடாக்களைக்கூட விட்டுவைக்கவில்லை. எதிரியைப் பற்றிய உண்மைக்குச் செய்தித்தாள் போதும். நம்மவர் கையால் பத்து எட்டானதைச் சொல்லத்தான், பட்டியலில் பெயரை அடிக்க மறுத்தவன் கதை எழுத வேண்டியிருக்கிறது.