கணினி முதற்பாடமும் தமிழெழுத்தும்

எந்தக் கலைக்கும் முதற்பாடம் கால்கோள் போன்றது. அது செவ்வையாக அமையின் மாணவன் மேற்பாடங்களைத் தானே தேடிச் செல்வான். அமையாவிடின் மனப்பாடமே கல்வியென மயங்கி நிற்பான். தமிழில் கணினியை அறிமுகப்படுத்தும் நூல்களை ஆசிரியன் கண்கொண்டு நோக்குங்கால், அவற்றின் முதற்பாடம் குறித்துச் சில கூறுதல் கடமையாகின்றது.

இந்நூல்கள் செய்துள்ள நன்மையை முதற்கண் ஒப்புக்கொள்ள வேண்டும். கணினி, விசைப்பலகை, வன்பொருள், மென்பொருள், கோப்பு முதலிய சொற்கள் மாணவர் நாவில் இயல்பாக வழங்குவதற்கு இவை துணைசெய்தன. ஆயின் அவற்றுட் பல ஒரே வாய்பாட்டைப் பின்பற்றுகின்றன. பாபேஜின் வரலாறு, கணினித் தலைமுறைகள் ஐந்து, உறுப்புகளின் படம், அவற்றின் பெயர்கள், இறுதியில் கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சி. பெயர் உண்டு, இயங்கும் முறை இல்லை.

சான்றாக, நினைவகம் என்னும் சொல்லைக் கொள்வோம். ஒரே சொல் இருவேறு பொருள்களுக்கு விளக்கமின்றி ஆளப்படுகின்றது. கட்டுரையொன்றைத் தட்டச்சு செய்கையில் மின்சாரம் நின்றால், சேமிக்கப்படாத பகுதி மறைகின்றது. முன்பே சேமித்தது எஞ்சுகின்றது. இதன் காரணத்தைப் பாடம் கூறுவதில்லை. தற்காலிக நினைவகம் கரும்பலகை போன்றது. வகுப்பு முடிந்ததும் துடைக்கப்படும். வட்டு முதலிய சேமிப்பகம் குறிப்பேடு போன்றது, எழுதியது நிற்கும். கரும்பலகையில் உள்ளதைக் குறிப்பேட்டில் பெயர்த்தெழுதுவதே சேமித்தல். இவ்வளவு சொன்னால் சிறுவனும் உணர்வான்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. தமிழெழுத்து கணினிக்குள் எவ்வாறு நிற்கின்றது என்பதைத் தமிழ் நூலே சொல்லாமல் விடுகின்றது. கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். அவ்வெண்ணையும் 0, 1 என்னும் இரு நிலைகளின் வரிசையாகவே கொள்ளும். ஆங்கிலப் பெரிய 'ஏ' எழுத்திற்குரிய எண் 65. அது 01000001 என நிற்கும். முன்னாளில் நம்முட் பலர், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றிய எழுத்துருக்களைக் கொண்டே வினாத்தாள் அமைத்தோம். அவ்வாறு நான் அமைத்த ஆறாம் ஆண்டு வினாத்தாள் ஒன்று, அச்சிடக் கொண்டுசென்ற இடத்தில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிற்று. கணினி பழுது என்றார் சிலர். நச்சுநிரல் என்றார் சிலர். எண்கள் ஒன்றும் மாறவில்லை. அவற்றிற்குத் தமிழ் வடிவம் தரும் எழுத்துரு அங்கில்லை, அவ்வளவே. எண் வேறு, வடிவம் வேறு என்னும் பாடத்தை நாங்கள் எந்த அறிமுக நூலிலும் கற்றிருக்கவில்லை.

ஒருங்குறி தமிழுக்கெனத் தனி எண்களை வகுத்து இவ்விடரைத் தீர்த்தது. அதன்படி அகரத்திற்கு 2949, ககரத்திற்கு 2965. எனினும் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் இல்லை. 'கி' என்பது ககரத்தின் எண்ணோடு இகரக் குறியின் எண்ணாகிய 3007 சேர்ந்தது. 'க்' என்பது அதே ககரத்தோடு புள்ளியின் எண்ணாகிய 3021 சேர்ந்தது. தமிழாசிரியர் கருதத்தக்க நுட்பமொன்று ஈண்டு உளது. நம் இலக்கணம் மெய்யும் உயிரும் கூடிப் பிறந்ததே ககரம் என்கின்றது. ஒருங்குறியோ ககரத்தை முதலாகக் கொண்டு, புள்ளியிட்டு அதனை மெய்யாக்குகின்றது. ஒலிமுறையும் வரிவடிவ முறையும் இவ்வாறு வேறுபடுதலைக் காட்டும் ஆசிரியர், ஒரே பாடவேளையில் இலக்கணத்தையும் கணினியையும் கற்பித்தவராவார்.

தொடக்க மாணவர்க்கு இவை கடினம் என்பர் சிலர். நம் மாணவர் உயிர்மெய் அட்டவணையைத் தொடக்கப்பள்ளியிலேயே பயில்கின்றனர். அறிந்த எழுத்திற்கு எண்ணிடுவதைவிட, பொருளறியாத ஐந்து தலைமுறைகளை ஒப்பிப்பதே அவர்க்குச் சுமை. மேலும், இத்துறையில் உழைத்தோர் நம் மண்ணினர். கணியனை உருவாக்கிய நா. கோவிந்தசாமி சிங்கையின் எழுத்தாளர். முரசு அஞ்சலைத் தந்த முத்து நெடுமாறன் மலேசியர். தமிழிணைய மாநாடு 1997-இல் சிங்கப்பூரிலேயே கூடிற்று. பாபேஜை அறியும் மாணவன் இவர்களையும் அறிதல் முறையன்றோ?

பெயர்களை மட்டும் தமிழில் தந்து, விளக்கத்தைப் பிறமொழிக்கு விட்டுவிடின், அறிவியலுக்குத் தமிழ் போதாது என்றே மாணவன் கருதுவான். அப்பழி மொழியைச் சாராது. பாடம் எழுதிய நம்மையே சாரும். தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் தொடங்குகின்றது. தமிழில் எழுதப்படும் கணினி அறிமுக நூலும் எழுத்திலிருந்தே தொடங்குக.