கண்ணின் தாவலும் கணிதத்தின் அளவுகோலும்

நூலொன்றைப் படிக்கும்பொழுது நம் கண்கள் வரியின்மீது ஒரே சீராக நகர்வதில்லை. கால் விநாடியளவு ஓரிடத்தில் நின்று, பின்னர் ஏழெட்டு எழுத்துக்களைக் கடந்து தாவி, இடையிடையே வந்த வழியே திரும்பியும் பார்க்கின்றன. இந்தச் சஞ்சாரத்தைச் சமன்பாடுகளுக்குள் அடக்க முயன்ற அறிஞர்களுள் ரைக்லே, ரெய்னர் முதலியோர் 1998இல் வகுத்த 'ஈ-இசட் ரீடர்' என்ற மாதிரி, மனம் ஒரு சொல்லை முடித்த பின்னரே அடுத்ததைப் பற்றுகிறது என்று கொள்ள, ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரத்தில் எங்பர்ட், கிளீகல் குழுவினர் இயற்றிய 'ஸ்விஃப்ட்' மாதிரியோ பல சொற்கள் ஒருங்கே பற்றப்படுகின்றன என்கிறது. பழகிய சொல்லில் கண் குறைவாகவும் அருஞ்சொல்லில் நெடிதும் தங்குவதையும், எதிர்பார்த்த சொல்லைத் தாண்டியே போய்விடுவதையும் இரண்டும் கணக்கிட்டுக் காட்டுகின்றன. அனுமானத்தை எண்ணாக்கி, தவறெனில் தவறென்று நிரூபிக்க இடந்தருகின்ற இந்த நேர்மையே இம்முறையின் தலையாய சிறப்பு என்பேன்.

ஆனால் அவ்வளவுகோல் பிறந்த மண் ஆங்கிலமும் ஜெர்மனும். கோவையில் பேருந்துக்குக் காத்திருப்பவர் செய்தித்தாளில் 'மேட்டுப்பாளையத்திலிருந்துதான்' என்ற ஒரே சொல்லைக் காண்கிறார். அதில் 15 எழுத்துக்கள். ஊர்ப்பெயரும் வேற்றுமையும் இடைச்சொல்லும் பிணைந்து நிற்கின்றன. இங்கே கண் எத்தனை முறை நிற்கும், எந்தப் பகுதியைச் சொல்லெனக் கொள்ளும்? 'வர வேண்டும்' என்று பிரித்தும் 'வரவேண்டும்' என்று சேர்த்தும் எழுதுகிற வழக்கத்தில், சொல்லையே அலகாகக் கொண்ட சமன்பாடு தடுமாறாதா? 'ர' ஒடுங்கியும் 'ணொ' அகன்றும் நிற்க, எழுத்தெண்ணித் தாவலை அளப்பதும் பொருந்தவில்லை. 'கொங்கு' என்பதிலோ, பின்னர் ஒலிக்கும் உயிரின் குறியில் ஒரு பகுதி மெய்க்கு முன்னரே கண்ணில் படுகிறது. 2022இல் வெளியான, 13 மொழிகளின் கண்ணசைவுத் தொகுப்பாகிய 'மெகோ'விலும் தமிழ் இல்லை.

இதனால் இக்கணிதம் நமக்கு வேண்டாவென்று சொல்லிவிடலாகாது. ஈரோட்டுக் 'குடிஅரசு' இதழ் 1935இல் கைக்கொண்டதும் 1978இல் தமிழக அரசு ஏற்றதுமான எழுத்துச் சீர்திருத்தம் அச்சுக்கு எளிமை தந்தது. படிப்பவர் கண்ணுக்கும் எளிமை தந்ததா என்ற வினாவுக்கு, பழைய வடிவ 'லை'யையும் புதிய வடிவ 'லை'யையும் அருகருகே வைத்து அளந்து விடைகாண வல்லது இம்முறையே. பொறியியலும் கண் மருத்துவமும் மொழியியலும் ஒருங்கே வாய்த்த கோயம்புத்தூர் இதற்கு முன்வரவேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் தமிழ் படிக்கும் கண்ணசைவைப் பதிந்து, அந்த எண்களைக்கொண்டு மாதிரியைத் திருத்தும்வரையில், அயல்மொழி அளவைக் காட்டி நம் பள்ளிக் குழந்தை எதனையும் வாசிப்புக் குறையுடையதென்று முத்திரையிடல் ஆகாது.