டெக்ஸ் வில்லர்: தோற்காதவரின் பலவீனம்

1948 செப்டம்பர் 30-ல் இத்தாலியில் களமிறங்கிய கௌபாய் காமிக்ஸ் நாயகர் டெக்ஸ் வில்லர் இன்னும் அவுட் ஆகவில்லை. அவரை எழுதிய ஜான் லூயிஜி பொனெல்லியும் இன்று உயிரோடு இல்லை, வரைந்த ஆரேலியோ கலெப்பினியும் இல்லை. ஆனாலும் 2019-ல் டெக்ஸ் மாத இதழ் 700-ஐத் தொட்டது. தமிழில் 1985-ல் ‘தலைவாங்கிக் குரங்கு’ மூலம் சிவகாசி லயன் காமிக்ஸ் அவரைக் கொண்டு வந்தது. இரும்புக்கை மாயாவி, மாடஸ்டி என்று எத்தனையோ பேர் வந்த களத்தில், இன்றும் புது இதழ் என்றால் முதலில் கேட்கப்படும் பெயர் அவருடையதுதான். இவ்வளவு நீண்ட இன்னிங்ஸை ரசிகனின் பாசத்தோடு மட்டும் பார்த்தால் போதாது.

முதலில் பலம். டெக்ஸ் கதைக்குள் எந்த வாசல் வழியாகவும் நுழையலாம். திருவாதவூர் போன்ற ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மேலூரில் கிடைத்தது ஒன்று, மதுரையின் பழைய புத்தகக் கடையில் சிக்கியது இன்னொன்று, அட்டை கிழிந்து பக்கத்து வீட்டிலிருந்து வந்தது மற்றொன்று. வரிசை என்று எதுவும் கிடையாது. அப்படிப் படித்தவனுக்கும் டெக்ஸ் முழுதாகக் கிடைத்தார். ஜப்பானில் 1997-ல் தொடங்கி நூறு தொகுதிகளைத் தாண்டிய ‘ஒன் பீஸ்’ மாங்கா ஒரே நெடுங்கதை. முதல் தொகுதியிலிருந்து படிக்காதவனுக்கு அதன் சிகரங்கள் பாதிதான் விளங்கும். டெக்ஸில் அந்தத் தொல்லை இல்லை. பக்கத்துக்கு மூன்று வரிசை, பெரும்பாலும் ஆறு கட்டங்கள், கறுப்பு வெள்ளை, தெளிவான முகங்கள். எட்டு வயதுப் பிள்ளையும் கதையோட்டத்தைப் பிடித்துவிடும்.

அடுத்த பலம் அணி. டெக்ஸ், தோழர் கிட் கார்சன், மகன் கிட் வில்லர், நவஹோ பழங்குடி வீரர் டைகர் ஜாக். நால்வரும் சேர்ந்துவிட்டால் ஆட்டம் களைகட்டும். நாள் முழுக்கக் குதிரையில் வந்து ஊருக்குள் நுழைந்ததும் மூன்று விரல் தடிமனில் மாட்டிறைச்சி வறுவல், மலையாக உருளைக்கிழங்கு என்று கார்சன் கேட்பாரே, அந்தக் கட்டங்களில் துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. ஆனாலும் வாசகர் மனதில் இந்த நால்வரும் சொந்தக்காரர்களாக உட்கார்ந்தது அங்கேதான். தமிழ் வசனத்தில் கார்சனின் புலம்பல் இன்னும் ருசியாக இறங்கியது.

இனி பலவீனம். டெக்ஸ் தோற்பதில்லை, தவறாகவும் கணிப்பதில்லை. மதுக்கடைக்குள் நுழைவார், சந்தேகப்பட்டவன் தாடையில் ஒரு குத்து விழும், அவன் ஒரு பெயரைச் சொல்வான், அடுத்த ஊரில் அந்தப் பெயருக்குரியவனுக்கும் அதே குத்து. நடுத்தரமான டெக்ஸ் கதைகள் பலவும் இந்த ஒரே தடத்தில் ஓடுகின்றன. குண்டு அவர் தொப்பியைத் துளைக்கலாம், நம்மைப் பதற வைக்காது. மந்திரவாதி மெஃபிஸ்டோ வரும் கதைகள் தனித்து நிற்பதற்குக் காரணமே, அங்கே துப்பாக்கி மட்டும் போதாது என்பதுதான்.

எங்கள் திருவாதவூர் மாணிக்கவாசகர் பிறந்த ஊர். குதிரை வாங்கப் போன அமைச்சரான அவருடைய கதையைக் கேட்டு வளராத பிள்ளை இங்கே இல்லை. நரி பரியான அதிசயத்தை விட, கொளுத்தும் வெயிலில் வைகை மணலில் அவரை நிறுத்திய இடத்தில்தான் கேட்பவர் நெஞ்சு அடைக்கும். நாயகன் வதைபடும்போதுதான் கதை நம்முடையதாகிறது. டெக்ஸை அந்தச் சுடுமணலில் நிறுத்த அவருடைய கதாசிரியர்கள் பெரும்பாலும் துணிவதில்லை.

துணிந்த இடங்களைப் பாருங்கள். டெக்ஸின் நவஹோ மனைவி லிலித் அம்மை நோயில் இறக்கிறாள். நோய்க்கிருமி ஒட்டிய போர்வைகளை விற்ற வெள்ளை வியாபாரிகள்தான் காரணம். அந்தப் பழிவாங்கலில் ஓடும் வெப்பம் வேறு எந்தத் துரத்தலிலும் இல்லை. ஆனால் லிலித்துக்குப் பிறகு டெக்ஸின் உலகில் பெண்களுக்கு அநேகமாக இடமே இல்லை. இரண்டு இனத்தின் ரத்தமும் ஓடும் மகன் கிட், யார் பக்கம் நிற்பது என்று உள்ளுக்குள் அல்லாடவேண்டியவன். பெரும்பாலான கதைகள் அவனைக் கூடுதல் துப்பாக்கியாகவே பயன்படுத்துகின்றன. இது பெரிய வீணடிப்பு.

டெக்ஸ் கதாசிரியர்களில் மவுரோ பொசெல்லி இந்தக் குறையைக் கண்டுகொண்டவர். இத்தாலியில் 1994-ல் வந்த ‘கார்சனின் கடந்த காலம்’ அதற்குச் சாட்சி. 1860-களில் மொன்டானாவின் தங்கச் சுரங்க ஊரான பானக்கில், ஷெரீப் ஹென்றி பிளம்மரே வழிப்பறிக் கும்பலின் தலைவர் என்று குற்றம்சாட்டி, 1864 ஜனவரியில் அவரை ஊரார் தூக்கிலிட்டார்கள். அந்த நிஜ வரலாற்றின் சாயலில் பொசெல்லி கார்சனின் வாலிபத்தை எழுதினார். எப்போதும் கேலிக்கு ஆளாகும் வெள்ளிமுடிக் கிழவருக்கு இங்கே காதல் உண்டு, ஏமாற்றம் உண்டு, ஆண்டுக்கணக்காகத் தீராத கணக்கும் உண்டு. டெக்ஸ் ஒரு படி பின்னால் நிற்கிறார். பின்னால் நிற்கும் டெக்ஸ், முன்னால் நிற்கும் டெக்ஸை விட உயரமாகத் தெரிகிறார்.

ஆகவே தமிழ்ப் பதிப்பாளருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுத் திட்டத்தில் டெக்ஸ் இடங்களைக் குறைக்க வேண்டாம். ஆனால் பெயருக்காக நிரப்பவும் வேண்டாம். கார்சனும் கிட்டும் டைகரும் மையத்தில் நிற்கும் கதைகளைத் தேடிப்பிடித்து முன்னால் வையுங்கள். வீட்டில் மாங்கா படிக்கும் பிள்ளைகளுக்கு டெக்ஸை அறிமுகப்படுத்த நினைப்பவர்கள் ‘கார்சனின் கடந்த காலம்’ இதழை முதலில் கையில் கொடுங்கள்.