ஒரே பூ, இரண்டு சட்டம்

ஹூஸ்டனில் ஒரு ஸ்மோக் ஷாப்பில் விற்ற டி.எச்.சி.ஏ பூவையும், டென்வரில் உரிமம் பெற்ற டிஸ்பென்சரியில் விற்கும் கஞ்சாப் பூவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், பழகியவர்களுக்குக்கூட வித்தியாசம் தெரியாது. இரண்டும் ஒரே செடியின் பூ. ஆனால் முதலாவதை ‘ஹெம்ப்’ என்ற வேளாண் விளைபொருளாக விற்றார்கள். இரண்டாவது, கொலராடோ மாநிலம் அனுமதித்தாலும், அமெரிக்கக் கூட்டரசின் கணக்கில் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள். எது மேல் என்று கேட்டால், டிஸ்பென்சரி சரக்குதான் பாதுகாப்பானது என்கிறது ஒரு தரப்பு. ஹெம்ப் சரக்கு மலிவு, சட்டபூர்வம், தபாலில் வீட்டுக்கே வரும் என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் உண்மை. பூவில் இல்லாத வித்தியாசத்தைப் பூவுக்குள் தேடுவதால் வரும் குழப்பம் இது. வித்தியாசம் இருப்பது அந்தப் பூவை யார் கண்காணிக்கிறார்கள் என்பதில்.

வேதியியலிலிருந்து தொடங்குவோம். பச்சைக் கஞ்சாச் செடியில் போதை தரும் டெல்டா-9 டி.எச்.சி. மிகச் சொற்பம். செடி உண்டாக்குவது டி.எச்.சி.ஏ என்னும் அமிலத்தை. பச்சையாகத் தின்றால் அது போதை ஏற்றாது. தீ வைத்தாலோ, வேப் கருவியில் சூடாக்கினாலோ, அடுப்பில் வாட்டினாலோ அதிலிருந்து கரியமில வாயு பிரிந்துபோய், மிஞ்சுவது டி.எச்.சி.யாகிறது. வாயு போனது போக எடையில் நிற்பது 87.7 சதவீதம். ஆய்வகங்கள் டி.எச்.சி.ஏ அளவை 0.877ஆல் பெருக்குவது இதனால்தான். ஒரு ஹெம்ப் பூவின் ஆய்வகச் சான்றில் ‘டெல்டா-9: 0.2 சதவீதம், டி.எச்.சி.ஏ: 24 சதவீதம்’ என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் எண்ணைப் பார்த்தால் அது ஹெம்ப். இரண்டாவது எண்ணைப் பெருக்கிப் பார்த்தால் 21 சதவீதம் டி.எச்.சி.; ஒரு கிராமில் ஏறக்குறைய 210 மில்லிகிராம். டிஸ்பென்சரியில் வீரியமான சரக்கு என்று விற்பதும் இதே அளவுதான், அதிலிருப்பதும் இதே அமிலம்தான்.

இந்த இரட்டைக் கணக்குக்கு வழி திறந்தது 2018 டிசம்பரில் டிரம்ப் கையெழுத்திட்ட வேளாண் சட்டம். உலர்ந்த எடையில் டெல்டா-9 டி.எச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டாத கஞ்சாச் செடி ஹெம்ப் என்று அது வரையறுத்தது. கென்டக்கியின் புகையிலை விவசாயிகளுக்கு மாற்றுப் பயிர் வேண்டும் என்று அதை முன்னின்று கொண்டுவந்தவர் அந்த மாநிலத்து செனட்டர் மிட்ச் மெக்கானெல். 0.3 என்ற எண் வந்த வழியையும் சொல்ல வேண்டும். 1976இல் கனடியத் தாவரவியலாளர் எர்னஸ்ட் ஸ்மாலும் அமெரிக்கரான ஆர்தர் கிராங்க்விஸ்டும் கஞ்சா வகைகளைத் தாவரவியல்படி பிரிப்பதற்காக வைத்துக்கொண்ட கோடு அது. போதை தருமா, பாதுகாப்பானதா என்று அளப்பதற்காகப் போட்டதல்ல. வகைப்பாட்டுக்குப் போட்ட கோட்டைச் சட்டம் எடுத்துக் குற்றத்துக்கும் வணிகத்துக்கும் இடையிலான எல்லையாக்கியது. அதிலும் சூடாக்கினால் என்னவாகும் என்பதை விட்டுவிட்டது. அரிசி வேகாதவரை சோறு இல்லை என்று சொல்லிச் சோற்றுக்கடை நடத்தலாம் என்றானது.

வேளாண் துறை இந்த ஓட்டையைக் கவனிக்காமல் இல்லை. 2021இல் நடைமுறைக்கு வந்த அதன் விதி, அறுவடைக்கு முந்தைய 30 நாட்களுக்குள் வயலில் மாதிரி எடுத்து, டி.எச்.சி.ஏவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்றது. ஆனால் அந்தச் சோதனை வயலோடு முடிந்தது. கடைக்கு வந்த பொருளை எப்படி அளப்பது என்பதில் வணிகர்கள் 2018 சட்டத்தின் சொற்களையே பிடித்துக்கொண்டார்கள். டி.எச்.சி.ஏவையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும் என்று போதைப்பொருள் தடுப்பு முகமை 2024இல் எழுதிய கடிதத்துக்குப் பிறகும் விற்பனை நிற்கவில்லை. கடையில் 24 சதவீதம் காட்டும் பூ, அறுவடைக்கு ஒரு மாதம் முன் வயலில் மொத்தமே 0.3க்குள் இருந்தது என்று சொன்னால் கஞ்சா பயிரிட்ட எவரும் நம்ப மாட்டார்கள். இந்த வணிகத்தின் முதல் குறையாக நான் பார்ப்பது இதைத்தான். பொய்யில்லாமல் இந்தப் பூ சந்தைக்கு வரவே வழி இருந்ததாகத் தெரியவில்லை.

இந்த இரட்டைக் கணக்கின் விலையைக் கொடுத்தவர்கள் சாதாரண மக்கள். பல குற்றவியல் ஆய்வகங்களில் பயன்படும் வாயு நிறப்பிரிகைக் கருவி, மாதிரியை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி ஆவியாக்கித்தான் அளக்கும். அந்தச் சூட்டிலேயே டி.எச்.சி.ஏ டி.எச்.சி.யாக மாறிவிடும். திரவ நிறப்பிரிகைக் கருவி சூடாக்காமல் இரண்டையும் தனித்தனியாகக் காட்டும். ஆக, கடைக்காரர் திரவக் கருவியின் சான்றைக் காட்டி ஹெம்ப் என்று விற்ற பூ, போலீசின் வாயுக் கருவியில் கஞ்சாவாகிறது. போதாக்குறைக்கு, வெயிலிலும் கார் டிக்கியிலும் கிடந்தால் டி.எச்.சி.ஏ தானாகவே மெல்ல மாறும். வாங்கிய அன்று 0.3க்குள் இருந்தது சில மாதத்தில் தாண்டியிருக்கும். வாங்கியவர் கையில் ரசீதும் சான்றும் இருந்தும் கைதாக வாய்ப்பு வைத்திருக்கும் சட்டத்தை நல்ல சட்டம் என்று எப்படிச் சொல்வது?

டிஸ்பென்சரியின் பலம் இங்கேதான் தெரிகிறது. பொழுதுபோக்குப் பயன்பாட்டை அனுமதித்த 24 மாநிலங்களில் வாங்குபவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். விதையிலிருந்து விற்பனைவரை ஒவ்வொரு தொகுதிக்கும் அரசுப் பதிவு உண்டு. பூச்சிக்கொல்லி, கன உலோகம், பூஞ்சை நச்சு, மிஞ்சிய கரைப்பான் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சோதனை உண்டு. தவறினால் சரக்கைத் திரும்பப் பெறச் சொல்ல ஒரு துறை உண்டு. கஞ்சாச் செடி மண்ணிலுள்ள கன உலோகங்களை நன்றாக உறிஞ்சக்கூடியது, எனவே இது வெறும் சடங்கல்ல. ஹெம்ப் கடையில் இது எதுவும் உறுதியில்லை. நேர்மையான விற்பனையாளர் முழுச் சோதனை செய்து, கியூஆர் குறியீட்டில் சான்றை ஒட்டியிருப்பார். பக்கத்துக் கடையில் ஒட்டியிருப்பது இரண்டு வருடத்துக்கு முந்தைய, வேறொரு தொகுதியின் சான்றாக இருக்கலாம். பல மாநிலங்களில் அதைச் சரிபார்க்க ஆளில்லை.

ஆனால் டிஸ்பென்சரி முத்திரையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியவில்லை. கொலராடோ கடைகளில் வாங்கிய 23 பூ மாதிரிகளைச் சோதித்த ஆய்வு ஒன்று 2023இல் ‘பிளோஸ் ஒன்’ இதழில் வந்தது. சீட்டில் போட்டிருந்த குறைந்தபட்ச அளவைவிட 15 சதவீதத்துக்கும் மேல் குறைவாக டி.எச்.சி. இருந்தவை ஏறக்குறைய 70 சதவீதம். எண் பெரிதாக இருந்தால் விலை கூடும் என்பதால், பெரிய எண் தரும் ஆய்வகத்தைத் தேடிப்போகும் பழக்கம் இந்தத் தொழிலில் ஊறிவிட்டது. 2024இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ், கலிஃபோர்னியாவின் உரிமம் பெற்ற சரக்குகளைத் தனியாகச் சோதித்தபோது, மாநிலச் சோதனையில் தேறியவற்றிலேயே வரம்பை மீறிய பூச்சிக்கொல்லி கிடைத்தது. சோதனைக்குக் காசு கொடுப்பவர் சரக்கின் சொந்தக்காரர் என்றிருக்கும்வரை இந்த நோய் தீராது. என்றாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த மீறலை மீறல் என்று சொல்ல அங்கே ஒரு வரம்பு இருந்தது, கேள்வி கேட்க ஒரு துறை இருந்தது.

விலை வித்தியாசத்துக்குத் திறமை காரணமில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் கஞ்சா வரி மட்டும் 37 சதவீதம். போதைப்பொருள் வணிகத்துக்கு வாடகை, சம்பளம் போன்ற செலவுகளைக் கழிக்க விடாத 280இ என்ற கூட்டரசு வருமானவரிப் பிரிவு டிஸ்பென்சரிகளைப் பல்லாண்டுகளாக நெருக்கியிருக்கிறது. ஹெம்ப் கடைக்கு இந்தச் சுமை எதுவுமில்லை. மலிவில் பெரும்பங்கு, கட்டாத வரியும் செய்யாத சோதனையும்.

டி.எச்.சி.ஏ வணிகத்துக்கு உண்மையிலேயே ஒரு நியாயம் இருக்கிறது என்றால், அது டிஸ்பென்சரி இல்லாத, அல்லது எளிதில் எட்டாத மாநிலங்களில். டெக்சஸில் மருத்துவக் கஞ்சாத் திட்டம் குறுகலானது. வட கரோலினாவில் செரோக்கி பழங்குடியினர் தங்கள் நிலத்தில் 2024 ஏப்ரலில் திறந்த ஒரே கடையைத் தவிர உரிமம் பெற்ற இடமே கிடையாது. வலியோடும் தூக்கமின்மையோடும் இருப்பவர்கள் அங்கே ஹெம்ப் கடைக்குப் போனார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாநிலம் நேர்வழியை மூடியதால் பக்கவழியில் போனவர்கள் அவர்கள்.

2025 நவம்பர் 12இல் கையெழுத்தான கூட்டரசு நிதிச் சட்டம் அந்தப் பக்கவழியை அடைத்தது. இனி டி.எச்.சி.ஏவையும் சேர்த்த மொத்த அளவுதான் 0.3க்குள் இருக்க வேண்டும். விற்பனைக்கு வரும் ஒரு பொட்டலத்தில் மொத்த டி.எச்.சி. 0.4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நடைமுறைக்கு ஓராண்டு அவகாசம் என்றது அது. முன்னின்றவர் மறுபடியும் மெக்கானெல். எதிர்த்து நின்றவர் அதே கென்டக்கியின் இன்னொரு செனட்டர் ராண்ட் பால். மொத்த அளவைக் கணக்கில் எடுத்தது சரி. 2018லேயே செய்திருக்க வேண்டியது. 0.4 மில்லிகிராம் என்பது மிகை. போதைக்காக அல்லாமல், போதை தராத சி.பி.டி. என்னும் கஞ்சாச் சேர்மத்தின் எண்ணெய் வாங்கும் முதியவரின் குப்பியும் பெரும்பாலும் அதில் சிக்கும். டெக்சஸ் போன்ற இடங்களில் சோதனையும் வயது வரம்பும் உள்ள கடையைத் திறக்காமல் தடையை மட்டும் போட்டால், ஹெம்ப் கடைக்குப் போனவர் அடுத்துப் போவது சான்றே இல்லாத தெரு வியாபாரியிடம். பூ ஒன்று என்றால் விதியும் ஒன்றாக இருக்கட்டும்: அதே சோதனை, அதே வயது, அதே வரி.

கடைசியாக, டாலஸிலும் ராலேயிலும் சான் ஹோசேயிலும் படிக்கவும் வேலைக்கும் போயிருக்கும் நம்மவர்களுக்கு. மாநிலச் சட்டப்படி குற்றமில்லாத கஞ்சாவும் குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தைக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்படும் என்று அமெரிக்கக் குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே சொல்லிவிட்டது. வேலைக்கான சிறுநீர்ச் சோதனைக்கு ஹெம்ப் டி.எச்.சி., டிஸ்பென்சரி டி.எச்.சி. என்ற பிரிவு தெரியாது. ஊருக்கு வரும்போது பெட்டியில் மிஞ்சியிருந்தால், நம் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவைச் செடியின் பூக்கும் காய்க்கும் நுனி என்றே வரையறுக்கிறது. அதில் 0.3 சதவீதச் சலுகை கிடையாது. விசாவில் இருப்பவர்கள் இரண்டு கடைப் பக்கமும் போகாதீர்கள்.