மலையகமும் லினோ அச்சும்

லினோவில் முதன்முதலாகக் கத்தி வைக்கும் மாணவன் புகழ்பெற்ற ஓவியர் ஒருவரின் படத்தையே பெரும்பாலும் முன்னால் வைத்துக்கொள்கிறான். இதிற் குறை காண்பதற்கில்லை. பிக்காசோவே 1958இல் இளைய கிரானாக் என்னும் பழைய ஜெர்மானிய ஓவியரின் பெண்ணுருவை லினோவிற் செதுக்கிப் பார்த்தவர்தாம். ஆனால் அவர் பிரதி எடுக்கவில்லை. அவ்வுருவத்தைப் புதிய கருவியின் மொழியிற் பேசவைத்தார். ஹற்றனிலும் நுவரெலியாவிலும் இக்கலையைத் தொடங்கும் இளைஞர் கருதவேண்டியது இவ்வேறுபாட்டையே.

லினோ எளியவரின் கருவி. ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் சணல் துணிமேற் படிந்த தரைவிரிப்பே அது. அச்சியந்திரம் இல்லாவிடினும், மை தடவித் தாளைப் பரப்பிக் கரண்டியின் முதுகால் தேய்த்தாற் படம் கிடைத்துவிடும். ஒரே தகடு பல பிரதிகள் தருவதால், அப்படம் ஒரு செல்வரின் சுவரிற் சிறைப்படுவதில்லை.

வங்கத்துச் சித்தப்பிரசாத் (1915–1978) இதனை நன்குணர்ந்தவர். 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தை நேரிற் கண்டு அவர் தீட்டிய கோட்டோவியங்கள் அடங்கிய ‘பசித்த வங்கம்’ நூலை ஆங்கில அரசு கைப்பற்றி அழித்தது. பின்னர் பம்பாயில் அவர் உழைக்கும் குழந்தைகளை லினோவிற் செதுக்கினார். அக்குழந்தைகள் நம் இரக்கத்தை யாசித்து நிற்பவரல்லர். தத்தம் தொழிலில் ஈடுபட்டிருப்பவர்.

மலையகத்துக்கு வேண்டிய பாடம் இதுவே. தேயிலை விளம்பரத்திற் சிரிக்கும் பெண்ணை உலகம் அறியும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவளை நாடற்றவளாக்கியதை அந்தச் சிரிப்பு சொல்லவில்லை. படத்தின் பச்சை நிறம் பலவற்றை மறைத்துவிடுகிறது. கரிய மையில் அச்சிடும் லினோவிலோ அப்பச்சைக்கு இடமில்லை. செதுக்கியது வெள்ளை, விட்டது கருமை. தலையிற் கயிறு அழுந்தும் கூடை, இடையிற் கட்டிய படங்கு, இருண்ட லயத்து அறை — எதைக் கருமையில் விடுவது, எதற்கு ஒளி தருவது என்று கலைஞன் தீர்மானித்தே ஆகவேண்டும்.

இங்கே இரு வழுக்கல்கள் உண்டு. தொழிலாளியை எலும்பும் தோலுமாக மட்டும் காட்டினால் இரக்கம் பிறக்கும். முட்டி உயர்த்திய வீரனாக மட்டும் காட்டினாற் சுவரொட்டி பிறக்கும். இரண்டிலும் மனிதன் இல்லை. கவ்வாத்துக் கத்தியை எவ்வாறு பிடிப்பது, கொழுந்தை எவ்விரல்களாற் கிள்ளுவது என்பதைக் கூர்ந்து பாராதவன் வரையும் தொழிலாளி, பிறநாட்டுப் படத்திலிருந்து இரவல் வாங்கப்பட்டவனே.

1931இல் லூ சுன் ஷாங்காயில் மரச்செதுக்கு வகுப்பொன்றை நடத்துவித்தார். அதே ஆண்டிற் கேத்தே கோல்விட்சின் படைப்பொன்றைச் சஞ்சிகையில் வெளியிட்டார். சீன இளைஞர் கோல்விட்சிடம் கற்றது ஜெர்மானியத் தாய்மாரை வரைவதற்கன்று, தம் மண்ணின் மக்களைச் செதுக்குவதற்கே. மலையகத்து மாணவனும் முதல் தகட்டைப் பிக்காசோவுக்குக் கொடுக்கட்டும். அடுத்த தகடு அவன் தாயின் கைகளுக்கு உரியது.