சுவரை ஒட்டிய சைக்கிள்

பினாங்கு ஜார்ஜ் டவுனின் ஆர்மேனியன் தெருவில் ஒரு பழைய சைக்கிள் சுவரை ஒட்டி நிற்கிறது. நிஜ சைக்கிள்தான், உச்சிவெயிலில் கை வைத்தால் சுடும். அதில் உட்கார்ந்திருக்கும் அக்காவும் தம்பியும் மட்டும் சித்திரம். ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துச் சிரிக்கிறாள் அக்கா. பின்னால் அவளைக் கட்டிக்கொண்டு, வாய் கொள்ளாமல் கூவுகிறான் தம்பி. லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸக்காரேவிச் 2012-இல் தீட்டியது. பழஞ்சுவரை அவர் புதுசாக்கப் பார்க்கவில்லை. காரை பெயர்ந்த சொரசொரப்பு, மழை வடிந்த கறை, வெளிறிய சுண்ணாம்பு எல்லாம் சித்திரத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. அந்தப் பொறுமைதான் கைத்திறன்.

கேனன் தெருவில் இன்னொரு பையன், நிஜ நாற்காலி மேல் எம்பி நின்று சுவரில் உள்ள துளைக்குக் கை நீட்டுகிறான்.

ஊரின் பழங்கதைக்கோ இரும்புக் கம்பிகள். எழுதுகோல் இழுத்த கோடு போலக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்கள் தெருத்தெருவாகத் தொங்குகின்றன. காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ செருப்புத் தைக்கப் பழகிய இடத்தையும் அப்படியொன்று சொல்கிறது. வெயில் சாயும்போது கம்பியின் நிழல் சுவரில் விழ, அதே சித்திரம் கொஞ்சம் கோணலாக இன்னொரு முறை தெரிகிறது.