பீரும் கட்டுச்சோறும்

வெளியூர் போய் மாரத்தான் ஓடிவிட்டு வந்தவர்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அநேகமாக ஒரே கதைதான். மூன்று மாதம் விடியற்காலையில் எழுந்து பயிற்சி. டிக்கெட், ஓட்டல் எல்லாம் ரெடி. போன இடத்தில் பெட்டி வந்து சேரவில்லை. அல்லது வயிறு கெட்டுப்போயிற்று. அல்லது 30-வது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. 'விட்டுடுவேனா சார்!' என்று நொண்டியபடியே ஓடி முடித்து, மெடலைக் கடித்துக்கொண்டு ஒரு போட்டோ. கடைசியில், 'தடைகள்தான் எனக்கு வாத்தியார்' என்று ஒரு வரி. தன்னம்பிக்கைப் புத்தகங்களில் பாதி இப்படித்தான் தயாராகின்றன. பி.காம். படித்தவனுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். வருஷம் முழுக்க வந்த நஷ்டம் அத்தனையும் கடைசிப் பக்கத்தில் லாபமாக மாறியிருந்தால், ஆடிட்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்க்க வேண்டாமா?

அந்தச் சந்தேகத்தோடுதான் ஹாருகி முரகாமியின் ஓட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். ஜப்பானிய நாவலாசிரியர். 1982-ல், 33 வயதில் ஓட ஆரம்பித்தவர். புத்தகம் 2007-ல் ஜப்பானிய மொழியிலும், 2008-ல் ஃபிலிப் கேப்ரியலின் மொழிபெயர்ப்பாக ஆங்கிலத்திலும் வந்தது. 'வாட் ஐ டாக் அபௌட் வென் ஐ டாக் அபௌட் ரன்னிங்' என்று ரயில் பெட்டி மாதிரி நீளமான தலைப்பு. அதுவும் ரேமண்ட் கார்வரின் கதைத் தலைப்பை, அவர் மனைவியிடம் அனுமதி கேட்டுத் திருத்திக்கொண்டது.

இதில் 1983-ல் அவர் கிரீஸுக்குப் போன அத்தியாயம் ஒன்று இருக்கிறது. புத்தகத்தின் உயிரே அதுதான் என்பேன். அசல் மாரத்தான் கதையில் தூதன் மாரத்தானிலிருந்து ஏதென்ஸுக்கு ஓடினான். முரகாமி தலைகீழாக, ஏதென்ஸிலிருந்து மாரத்தானுக்கு. புனிதக் காரணம் ஒன்றும் இல்லை. காலை நேர டிராஃபிக்கில் ஊருக்குள் வந்து மாட்டிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். ஒரு பத்திரிகைக்காகத் தனி ஆளாக ஓடுகிறார். கூட வந்த போட்டோகிராபருக்கு அதிர்ச்சி. 'நிஜமாகவே முழுசும் ஓடப் போறீங்களா?' இந்த மாதிரிக் கட்டுரைகளுக்கு அங்கங்கே நாலு போஸ் கொடுத்துவிட்டுக் காரில் ஏறுவதுதானாம் வழக்கம். (எங்கள் தொழில் ரகசியம் இவ்வளவு சுலபமாக வெளியே போயிருக்க வேண்டாம்.)

ஜூலை மாத வெயில். வேர்வை காய்ந்து உடம்பெல்லாம் உப்புப் பொரிகிறது. வழியில் வண்டியில் அடிபட்டுச் செத்துக் கிடந்தவற்றை எண்ணிக்கொண்டே போகிறார். நாய் 3, பூனை 11. கடைசிக் கட்டத்தில் எல்லார் மீதும் எரிச்சல். போட்டோ எடுக்கிறவர் மீது கோபம், வயலில் மேய்கிற ஆட்டின் மீதும் கோபம். குளிர்ந்த பீரை நினைத்துக்கொண்டே ஓடி முடிக்கிறார். பீர் வருகிறது. குடிக்கிறார். ஓடும்போது மனசில் குடித்த பீர் அளவுக்கு இது ருசியாக இல்லை!

இந்த இடத்தில்தான் எனக்கு அவர் மீது நம்பிக்கை வந்தது. நஷ்டத்தை நஷ்டமாகவே எழுதியிருக்கிறார். 2005 நியூயார்க் மாரத்தானையும் இப்படித்தான் சொல்கிறார். மாதக்கணக்கில் ஒழுங்காகப் பயிற்சி எடுத்துக்கொண்டு போகிறார். கடைசியில் கால் பிடித்துக்கொள்கிறது, நேரம் போய்விடுகிறது. அதிலிருந்து தத்துவம் ஏதும் பிழியவில்லை. ஏமாற்றமாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறார். பயணம் போய் ஓடியவர்கள் எழுதியதில் இந்த நேர்மை அபூர்வம்.

சரி, குறை? இருக்கிறது. கிரீஸ் அத்தியாயத்தின் முடிவில், மாரத்தான் கிராமத்துப் பெட்ரோல் பங்க்கில் ஓர் ஆள், இவர் ஓடி வந்த கதையைக் கேட்டுவிட்டு, தொட்டிச் செடியிலிருந்து பூக்களை வெட்டிக் கொத்தாகக் கையில் கொடுக்கிறார். அந்த ஓட்டம் முழுவதிலும் நடந்த மிக அழகான காரியம் இது. முரகாமி இதற்குத் தருவது சில வரிகள்தான். அந்த ஆள் யார்? ஒன்றும் கிடையாது. செத்த பூனைக்குக்கூட எண்ணிக்கை உண்டு. உயிரோடு இருந்த மனிதர்கள் கணக்கிலேயே வரவில்லை.

'அவர் தனிமைக்காக ஓடுகிற ஆள் சார், அவரிடம் போய் ஊர்க்கதை கேட்கிறீர்களே' என்பீர்கள். நியாயம்தான். ஆனால் தஞ்சாவூர்க்காரனுக்கு இதைப் படிக்கும்போது வேறொரு சாலை ஞாபகத்துக்கு வந்து தொலைக்கிறது.

1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு. திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜியும் சுமார் நூறு தொண்டர்களும் உப்பு எடுக்க வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார்கள். ஏறக்குறைய 240 கிலோமீட்டர். ஓட்டம் இல்லை, நடை. தன் கல்லறையில் 'கடைசிவரை நடக்கவில்லை' என்று பொறிக்க ஆசைப்படுகிற முரகாமிக்கு இது பிடிக்காமல் போகலாம்! மேட்டூர் அணை கட்டி முடிவதற்கு நாலு வருஷம் முந்தைய டெல்டா. ஆற்றில் மணல், அறுத்துப் போட்ட வயல், தலைக்கு மேல் சித்திரை வெயில்.

வெயில் அவர்கள் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது தஞ்சைக் கலெக்டர் தார்ன் போட்ட உத்தரவு. தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் ஆறு மாதம் ஜெயில். கவனியுங்கள், இந்தத் தடை நடக்கிறவர்களுக்கு இல்லை. தெருவோரத்தில் நிற்கிறவர்களுக்கு. யாருக்காக நடக்கிறார்களோ அவர்களையே பயமுறுத்திப் பிரித்துவிடுகிற புத்திசாலித்தனம்.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றைப் பொட்டலம் கட்டி, சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். 'கட்டுச்சோறு' என்ற வார்த்தைக்கு இப்படியும் ஓர் அர்த்தம்! (புளியோதரையாகத்தான் இருந்திருக்கும், இந்தச் சீமையின் வழக்கத்தை வைத்து என் ஊகம்.) மரம் சோறு போட்டால் மரத்தையா கைது செய்ய முடியும்? கும்பகோணத்தில் பந்துலு ஐயர் ஒளிவுமறைவே இல்லாமல் வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைத்தார். ஆறு மாதம் உள்ளே போனார். ஏப்ரல் 28-ம் தேதி ஊர்வலம் வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் கழித்து உப்பு எடுத்தார்கள்.

கெண்டைக்கால் பிடிப்பையும் கலெக்டர் உத்தரவையும் ஒரே தராசில் வைப்பது முறையா என்று கேட்கலாம். எடையைப் பற்றி நான் பேசவில்லை, எழுதுகிற விதத்தைப் பற்றிப் பேசுகிறேன். ஓடியவரோ நடந்தவரோ கதை சொல்லும்போது கேமரா அவர் காலடியிலேயே நிற்கிறது. முரகாமி அந்தக் காலடியை எவரையும்விட ஒழுங்காகக் காட்டுகிறார். அதற்காகவே வாங்கிப் படிக்கலாம். ரொம்பச் சின்னப் புத்தகம், இரண்டு ராத்திரியில் முடிந்துவிடும்.

வேதாரண்ய யாத்திரைக்கும் தலைவர்கள் பக்கத்திலிருந்து வரலாறு உண்டு, நினைவுத்தூண் உண்டு. பொட்டலம் கட்டியவர் பக்கத்திலிருந்து ஓர் அத்தியாயம்? எந்த மரம், எந்த வீட்டு அரிசி, யார் ஏறிக் கட்டியது, போலீஸ்காரர் சைக்கிளில் வந்தபோது எந்த வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்றார்கள்? தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்கள் திருத்துறைப்பூண்டி, மன்னார்குடிப் பக்கம் இன்றும் நாலு பேர் இருக்கக்கூடும். அவர்களில் யாராவது எழுதினால், முரகாமியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்து அலமாரியில் இடம் பண்ணித் தருகிறேன்.